திருகோணமலையில நீங்கள் பார்த்த வினோதமான வேலை என்ன? வீட்டில சொன்னாச் சிரிச்ச வேலை?

உப்புவெளிப் பொடியன்:

ஏ.எல். எழுதிட்டுச் சும்மா இருந்தன். சித்தப்பாட கூட்டாளி ஒருத்தர் நிலாவெளியில படகு வச்சிருக்கிறார். சுற்றுலா வாற ஆக்களைத் திமிங்கிலம் காட்டக் கூட்டிக்கொண்டு போறவர். மாரிக்கடல் அடங்கி மார்ச் பிறந்தா ஓகஸ்ட் மட்டும் அவருக்கு ஓட்டம். "கண் நல்லாத் தெரியுமா?" எண்டு கேட்டார். தெரியும் எண்டன். நேர்முகப் பரீட்சை அவ்வளவுதான்.

வேலை என்னெண்டா, விடிய அஞ்சரைக்குப் படகின்ர அணியத்தில நிண்டு கடலைப் பார்க்கிறது. தூரத்தில எங்கயாவது ஊதுறது தெரிஞ்சா அந்தப் பக்கம் கையை நீட்டோணும். நீலத் திமிங்கிலம் ஊதினா நேரா மேல எழும்பும், வளர்ந்து வாற தென்னம்பிள்ளை உயரத்துக்கு. ஸ்பேர்ம் வேல் எண்டு சொல்லுற சதுரத் தலைக்காரர் ஊதினா இடப்பக்கம் சரிஞ்சு முன்னுக்குப் போகும். அவர் முக்குளிச்சா முக்கால் மணித்தியாலம் வரமாட்டார், காத்திருந்து பிரயோசனமில்லை. எங்கட கடல் கரைக்குக் கிட்டவே பெரிய பள்ளமா இறங்கிறதாலதான் இதுகள் இவ்வளவு கிட்ட வருது. சில நாள் தண்ணியில செங்கல்லைக் கரைச்சு ஊத்தின மாதிரி சிவப்பாப் படர்ந்து கிடக்கும். முதல் தரம் நான் ரத்தம் எண்டு பயந்திட்டன். திமிங்கிலத்தின்ர கழிவாம். அதைக் கண்டா ஓட்டிக்குச் சந்தோசம், ஆள் பக்கத்திலதான் நிக்குது எண்டு.

போன ஞாயிறு பெரிய மாமா வந்தவர், என்ன வேலை எண்டு கேட்டார். சொன்னன். "கடலைப் பார்க்கச் சம்பளமா? திருமலையில கடலைப் பார்க்காதவன் ஆர்? அப்ப எனக்கு அறுபது வருசச் சம்பளம் நிலுவை" எண்டார். வீடே சிரிச்சுது. நானும் சிரிச்சன், ஆனா கொஞ்சம் சுட்டுது.

அதான் கேக்கிறன். உங்களில ஆராவது இப்பிடி ஒரு வேலை பார்த்தீங்களா? அதில இருந்து என்ன கிடைச்சுது?

கோட்டையடி:

பத்தாம் வகுப்பு விடுமுறையில கோணேசர் கோவிலடியில செருப்புக் காவல். நம்பர் எழுதின துண்டு குடுத்தா மான் வந்து வாங்கித் தின்றிட்டுப் போயிடும், பேந்து ஆக்கள் எனக்கு மேல பாய்வாங்க. படிச்சது ஒண்டே ஒண்டுதான்: ஆக்கள் மாறிப் போட்டுக்கொண்டு போற செருப்பு ஒருநாளும் பழசா இருக்காது.

மடத்தடியான்:

தம்பி, நான் மூண்டு வருசம் ஓட்டோவில மரண அறிவித்தல் வாசிச்ச ஆள். 2019 கடைசியில தொடங்கி 2022 கடைசி மட்டும்.

அதுக்கு முதல் சும்மா ஓட்டோதான் ஓடினன். பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிக்கு மைக் பிடிக்கிற பழக்கம் இருந்துது. எங்கட பக்கம் அறிவித்தல் செய்துகொண்டிருந்த அண்ணைக்குத் தொண்டை கட்டி ரெண்டு மாசம் பேசக்கூடாது எண்டு டொக்டர் சொல்லிட்டார். "ரெண்டு மாசம் பார்" எண்டு அம்ப்ளிபயரையும் ரெண்டு கோர்ன் ஸ்பீக்கரையும் என்ட ஓட்டோவில ஏத்திவிட்டார். அவர் திரும்பி வரேல்ல.

வெளியில இருந்து பார்த்தா லேசு. எழுதித் தந்ததை வாசிக்கிறது. முதல் நாள் நானும் அப்பிடித்தான் நினைச்சன். தந்த கடதாசியில நாப்பத்திமூண்டு பேர். "காலஞ்சென்றவர்களான இன்னார் இன்னார் தம்பதிகளின் அன்பு மகனும்" எண்டு தொடங்கி, அன்புக் கணவரும், பாசமிகு தந்தையும், அன்பு மாமனாரும், பேரனும் பூட்டனும், கனடா, லண்டன், சுவிஸ் எண்டு போய், "அன்னாரின் இறுதிக்கிரியைகள்" எண்டு வாறதுக்குள்ள நான் ஏகாம்பரம் வீதியைத் தாண்டிட்டன். சைக்கிளில நிண்ட ஒரு ஆள் கத்திக் கேட்டார், "டேய், செத்தது ஆரெண்டு சொல்லிட்டுப் போடா!"

அண்டைக்குப் படிச்சது இது. ஓடுற நேரம் நாலு விசயம்தான்: ஆர், எந்த இடம், எப்ப எடுக்கிறது, எந்த மயானம். முழுக் கடதாசியும் சந்தியில நிப்பாட்டித்தான் வாசிக்கோணும். மடத்தடிச் சந்தி, சிவன் கோவிலடி, பத்திரகாளி அம்மன் கோவில் முன்னுக்கு, அங்கால உவர்மலை, பாலையூற்று, அன்புவழிபுரம், நிலாவெளி றோட்டால சாம்பல்தீவு மட்டும். கச்சான் காத்து அடிக்கிற மாசத்தில திருக்கடலூர்ப் பக்கம் போனா நீ என்ன கத்தினாலும் சத்தம் கடலுக்குத்தான் போகும், வீட்டுக்குள்ள போகாது. அப்ப கோர்னைக் காத்துக்கு எதிராத் திருப்பாம, ஒழுங்கைக்குள்ள இறங்கி, சுவரோட ஒட்டி நிண்டு வாசிக்கோணும். இதெல்லாம் ஒருத்தரும் சொல்லித் தரமாட்டாங்க.

வீட்டில என்ன சொன்னாங்க எண்டு கேட்டியா? அம்மா ஒரு கிழமை கதைக்கேல்ல. அப்பா ரேடியோவில மரண அறிவித்தல் போற நேரம் சோத்தில கையை வச்சபடி அசையாம இருந்து கேக்கிற ஆள். அவர் ஒண்டும் சொல்லேல்ல. என்ட மாமா ஒருத்தர்தான் வாசலில நிண்டு, அந்தக் காலத்தில பறையோட வந்து சொன்ன ஆக்கள்ட வேலையை நீ செய்யிறியா எண்டு ஊர் கேக்கக் கேட்டார். அதே மாமா தன்ர தாய் செத்த அண்டைக்கு விடிய அஞ்சு மணிக்கு எனக்குத்தான் கோல் எடுத்தவர். ஆறு மணிக்கு முதல் ஒலிபெருக்கி போடேலாது மாமா எண்டு சொன்னன், சட்டம் அப்பிடித்தான். ஆனா அந்த ஒரு மணித்தியாலத்தை நான் கொஞ்சம் ரசிச்சுக் கடத்தினன் எண்டதையும் ஒளிக்கேல்ல.

இனி என்ட பெரிய பிழை.

2020 தைப்பொங்கல் கழிஞ்ச கிழமை. செத்தவர் ஒரு ஓய்வுபெற்ற வாத்தியார். மகன் போனில சொல்லச் சொல்ல நான் கொப்பியில எழுதினன். அவற்ற தாய் தகப்பன் ரெண்டு பேரும் காலஞ்சென்றவங்க. அடுத்த வரி மாமன் மாமி. மகன் பேரை மட்டும்தான் சொன்னவர். கை பழகின வேகத்தில நானே அங்கயும் "காலஞ்சென்றவர்களான" எண்டு போட்டிட்டன். எழுபது தாண்டின ஆளின்ர மாமி எப்பிடி உயிரோட இருப்பா எண்டு மூளை தானாக் கணக்குப் போட்டிட்டுது.

பாலையூற்றில ஒரு சந்தியில நிப்பாட்டி வாசிக்கிறன். முடிஞ்சு ஸ்டார்ட் பண்ணப் போக, முன் வீட்டுக் கேற்றைத் திறந்துகொண்டு ஒரு அம்மா வந்தவ. வெள்ளைச் சீலை, கையில ஈர்க்குமாறு, தொண்ணூறுக்கு மேல இருக்கும். ஓட்டோவுக்குக் கிட்ட வந்து, குனிஞ்சு, என்ட முகத்தைப் பார்த்துக் கேட்டா: "தம்பி, நான் எப்ப மோனை செத்தனான்?"

எனக்கு நாக்கு மேலண்ணத்தில ஒட்டிட்டுது. மைக் வேற ஓன். அவ கேட்டது கோர்னால முழு ஒழுங்கைக்கும் போச்சுது. அங்கால வீட்டில ஆரோ சிரிச்சது கேட்டுது, செத்த வீட்டு அறிவித்தலுக்கு. மருமகன் செத்த துக்கத்தில இருக்கிற மனுசி.

நான் இறங்கிக் காலில விழப் போனன். அவ ஈர்க்குமாத்தால தடுத்தா. "விழாத, விழுந்தா எனக்கு மெய்யாவே திவசம் செய்யோணும். போய்த் திருத்தி வாசி. அந்தச் சந்தி, இந்தச் சந்தி, வாசிச்ச எல்லாச் சந்தியிலயும் திருத்தி வாசி." அஞ்சு சந்திக்கும் திரும்பிப் போனன். என்ட சொந்தக் காசுப் பெற்றோல். ஒவ்வொரு இடத்திலயும் "முன்னர் வாசிக்கப்பட்ட அறிவித்தலில்" எண்டு தொடங்கி, அவ உயிரோட இருக்கிறா எண்டதைச் செய்தி மாதிரி சொல்லிட்டு வந்தன்.

அதுக்குப் பிறகு ஒரு வழமை வச்சன். போனில எழுத மாட்டன். வீட்டுக்குப் போய்க் கடதாசியில வாங்கி, ஒலிபெருக்கி போட முதல் அந்த வீட்டு ஆக்களுக்கே ஒருக்கா வாசிச்சுக் காட்டுவன். முதல் கேக்கிற கேள்வி: "இதில உயிரோட இருக்கிறவங்க ஆரார்?" செத்தவரைப் பற்றி ஒருத்தரும் பிழை பிடிக்க மாட்டாங்க, சண்டை எல்லாம் இருக்கிறவங்கட பேரில. மூத்த மருமகன் பேர் சின்ன மருமகனுக்குப் பிறகு வந்திட்டுது, லண்டன் பிள்ளைதான் செலவு முழுக்கப் போடுது அவட பேர் எங்க, போன வருசம் கோவிச்சுக்கொண்டு போன தம்பியைப் போடுறதா விடுறதா. ஒரு வீட்டில இந்தக் கடைசிக் கேள்விக்கு முக்கால் மணித்தியாலம் வாசலில நிண்டன். கடைசியாத் தாய் வந்து "போடு" எண்டு ஒரு சொல்லு சொல்லிட்டு உள்ள போனவ. அந்தப் பேரை நான் மற்றப் பேரை விடச் சத்தமா வாசிச்சன். பின்னேரம் அவர் வந்து நிண்டாராம்.

கொரோனா வந்த பிறகு அறிவித்தல் தலைகீழாப் போச்சுது. செத்திட்டார் எண்டு சொல்லி, ஆனா ஒருத்தரும் வராதேங்கோ எண்டும் நானே சொல்லோணும். வெறும் றோட்டு, பூட்டின கேற், கோட்டைப் பக்கத்தில இருந்து டவுனுக்குள்ள இறங்கின மான்கள்தான் நிண்டு கேட்டுதுகள். 2022ல பெற்றோல் தட்டுப்பாட்டுக்கு QR பங்கீடு வந்து ஓட்டோவுக்குக் கிழமைக்கு 5 லீற்றர் எண்டாங்க. அஞ்சு லீற்றரில எத்தினை சாவை எத்தினை சந்தியில சொல்லுறது? எந்த ஊரை விடுறது எண்டு செத்த வீட்டுக்காரரிட்டயே கேட்கத் தொடங்கினன். அதோட வெறுத்துப்போச்சு. இப்ப ஸ்கூல் வான் ஓடுறன்.

துறையடி காக்கா, கிண்ணியா:

மடத்தடி அண்ணன்ட கதைக்குப் பிறகு என்ட கதை சின்னன்தான். கிண்ணியாப் பாலம் 2009ல திறந்தாங்க, 396 மீற்றர். அதுக்கு முதல் எல்லாம் பாதைதான். வெளியூர் ஆக்களுக்குச் சொல்லுறன், பாதை எண்டா எங்களுக்குத் தண்ணியில போற பாதை, வாகனமும் ஆளும் ஏத்துற மிதவை. அதில ஆறு வருசம் எனக்கு வேலை ஆள் நிறுத்துறது. கயிறு கட்டுறவர் வேற, எஞ்சின் காரர் வேற. நான் "நீங்க இங்க, நீங்க அங்க" எண்டு சொல்லுற ஆள். வாப்பா கேட்பார், "மகன், உனக்கு வாய்க்குத்தான் சம்பளமா?"

லொறி நடுவில. மோட்டார் சைக்கிள் ரெண்டு கரையிலயும் சமனா. ஒரு பக்கம் பத்துப் பேர் கூடினா உள்ளங்காலுக்குத் தெரியும், கண்ணுக்குத் தெரியிறதுக்கு முதல். பெரிய உத்தியோகத்தர் எண்டாலும் நான் காட்டுற இடத்திலதான் நிக்கோணும். கொஞ்சப் பேருக்கு அது கோவம். அவங்களுக்கு ஒரு தந்திரம் வச்சிருந்தன்: "சேர், இந்தப் பக்கம் நிண்டா வெயில் படாது" எண்டு சொல்லுவன். எந்தப் பக்கமும் வெயில்தான்.

பாலம் திறந்த அண்டைக்கு ஊரே சந்தோசப்பட்டுது, நானும்தான். ஆஸ்பத்திரிக்குப் போற பொம்புளைகள் கரையில காத்துக் கிடந்ததை எத்தினை ராவு பார்த்தவன். அடுத்த நாள் எனக்கு வேலை இல்லை.

2021 நவம்பர் 23 காலையில எங்கட கிண்ணியாப் பக்கம் குறிஞ்சாக்கேணியில மிதவை கவிண்டு பள்ளிக்கூடம் போன புள்ளைகள் மௌத்தாப் போன செய்தி வந்த நேரம் நான் கடையில தேத்தண்ணி ஊத்திக்கொண்டு நிண்டன். கால் ரெண்டும் தானா அகண்டு ஊண்டி நிண்டுது, பாதையில நிக்கிற மாதிரி. கன நேரம் அப்பிடியே நிண்டன். இதுக்கு மேல எழுத ஏலாது.

வரோதயநகர் அக்கா:

நான் கண்ணிவெடி எடுத்தனான். அஞ்சு வருசம், வடக்கில முகமாலைப் பக்கம். மாசத்தில ஒருக்காத்தான் திருமலைக்கு வருவன்.

ஆக்கள் நினைக்கிறது படத்தில வாற மாதிரி வயர் வெட்டுறது, வியர்வை துடைக்கிறது. அப்பிடி ஒண்டுமில்லை. தோட்டத்து வாரி மாதிரி ஒண்டால மண்ணைச் சுரண்டுறது. முன்னுக்குக் கனத்த அங்கி, முகத்துக்குக் கண்ணாடி மறைப்பு, ஒரு மீற்றர் அகல வரிசை, முழங்காலில இருந்து. கருவி எல்லாத்தையும் பிடிக்காது, சில வெடியில இரும்பு குண்டூசியளவுதான் இருக்கும். அதனால மண்ணையே பார்க்கோணும். மேலால கொத்தினா முடிஞ்சுது. பக்கவாட்டில, கீழ இருந்து, மெல்ல இழுக்கோணும். சப்பாத்துப் பொலிஷ் டப்பா அளவில ஒண்டு தலையைக் காட்டும். காட்டினா நீ தொடக்கூடாது. அடையாளம் வச்சிட்டுப் பின்னால போய்ப் பொறுப்பாளரைக் கூப்பிடோணும். அவ்வளவுதான் வீரம்.

ஒரு நாள் முழுக்கச் சுரண்டி ஒண்டும் வராத நாள்தான் கூட. அந்த நாளில சலிப்பு வரும், சலிப்பு வந்தாக் கை வேகமாகும். அதுக்குத்தான் எங்கட பொறுப்பாளர் அக்கா அடிக்கடி வந்து வெடியைப் பார்க்க மாட்டா, எங்கட கையைப் பார்ப்பா.

இப்ப வளவில மரவள்ளி கிண்டினாலும் பக்கவாட்டாத்தான் கிண்டுறன். "அம்மா, கிழங்கு வெடிக்காது" எண்டு மகள் பகிடி பண்ணுவா. நான் கிண்டின கிழங்கில ஒரு வெட்டு இருக்காது, சந்தையில கேட்டுப் பாருங்கோ.

தம்பி உப்புவெளி, கடலையும் அப்பிடித்தான் பார்க்கோணும் எண்டு நினைக்கிறன். ஒண்டும் வராத நாளில என்ன செய்யிறாய்?

உப்புவெளிப் பொடியன்:

அக்கா, ஒண்டும் வராத நாளில பயணிகள் என்னைத்தான் பார்ப்பாங்க, நான் ஒளிச்சு வச்சிருக்கிற மாதிரி. ஒருக்கா ஒரு வெள்ளைக்கார அம்மாவுக்காக அலை உடையிறதைக் காட்டி "அங்க!" எண்டிட்டன். ஓட்டி என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கு. அதுக்குப் பிறகு பொய்க்குக் கை நீட்டுறதில்லை.

மடத்தடி அண்ண, அந்த ஈர்க்குமாறு அம்மா பிறகு என்ன ஆனா?

மடத்தடியான்:

அதையும் சொல்லோணும்தான். வாத்தியார்ட எட்டு, அந்தியேட்டி எல்லாம் முடிய ஒருக்கா அந்தப் பக்கம் ஹயர் போனன். கேற்றில இருந்து கையைக் காட்டிக் கூப்பிட்டா. தேத்தண்ணி, பனங்கட்டி. அதுக்குப் பிறகு அந்த ஒழுங்கையால போனா நிப்பாட்டாமப் போக விடமாட்டா. "இண்டைக்கு ஆர்?" எண்டு கேட்பா. நான் கடதாசியைக் காட்டினா முழுக்க வாசிச்சு, "இவள் என்னோட படிச்சவள்" எண்டோ, "இந்த ஆளுக்கு ரெண்டு அண்ணன் இருந்தவங்க, ஒருத்தரை விட்டிட்டாங்க" எண்டோ சொல்லுவா. பாதிப் பிழை அவதான் பிடிச்சுத் தந்தவ.

2022 ஐப்பசியில போயிட்டா. பேரன் கோல் எடுத்துச் சொன்னார்: "அம்மம்மா சொல்லி வச்சவ, அந்தப் பொடியனையே கூப்பிடுங்கோ, அவன் ஏற்கனவே ஒருக்காச் சொல்லிப் பழகினவன் எண்டு."

அந்தக் கிழமை என்னட்ட ரெண்டு லீற்றர்தான் மிச்சம். பக்கத்து வீட்டுக்காரர் தன்ர மோட்டார் சைக்கிளில இருந்து குழாய் விட்டு இழுத்துத் தந்தார். பாலையூற்றுச் சந்தியில நிப்பாட்டி வாசிச்சன். "காலஞ்சென்ற" எண்ட சொல்லு வாற இடத்தில கேற்றைப் பார்த்திட்டுத்தான் வாசிச்சன். பூட்டியிருந்துது. பிறகு ரெண்டு மாசம்தான் அந்த வேலை செய்தன்.

உப்புவெளிப் பொடியன்:

அண்ண, மாமாவுக்கு இதை வாசிச்சுக் காட்டினன். கன நேரம் ஒண்டும் சொல்லேல்ல, பேந்து "பாலையூற்றில எந்த ஒழுங்கை?" எண்டு மட்டும் கேட்டார்.

நாளைக்கும் அஞ்சரைக்கு ஏறோணும். ஆரிட்டயாவது நல்ல கறுப்புக் கண்ணாடி இரவல் இருக்கா? எட்டு மணிக்குப் பிறகு தண்ணி பளபளத்துக் கண் கூசுது.

வரோதயநகர் அக்கா:

என்னட்ட இருக்கு, வந்து எடு. கீறல் விழாமத் திருப்பித் தரோணும்.